சப்பரத்துக்கு அளந்த தோள்

ஒத்தீலியாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது செருப்புத் தைக்கிற பெனிக்னோதான். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் வருவதைப் பார்த்ததும் தலையைப் பட்டறைக்குள் இழுத்துக்கொண்டார். எங்கள் தெருவில் ஒருவர் நலம் விசாரிக்காமல் உள்ளே போகிறார் என்றால் அதில் ஏதோ கள்ளத்தனம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் கையை விட்டாள். புருஷன் எவேலியோவின் கறுப்பு ஜோடு கிடைத்தது. இடது ஜோட்டின் அடியில் லாரி டயரை வெட்டி, இரண்டு விரல்கடை கனத்துக்கு ஒட்டியிருந்தது.

எவேலியோ போன மழைக்காலத்தில் காப்பி மூட்டை லாரியின் உச்சியிலிருந்து விழுந்தவன். இடது தொடை எலும்புக்குள் இரும்புக் கம்பி வைத்துத் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். கால் இரண்டு விரல்கடை குட்டையாகிவிட்டது. படுத்த நாளிலிருந்து கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவான். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு தட்டு என்றால் மூத்திரக் கலயம், நிறுத்தாமல் தட்டினால் கோபம். எதிர்வீட்டு செனாய்தா அந்தத் தட்டுகளைக் கேட்டே அந்த வீட்டு நடப்பைத் தெருவுக்குச் சொல்லிவிடுவாள். நாங்களும் கேட்டுக்கொள்வோம், பாவம் என்று.

இப்போது ஊன்றுகோலோடு முற்றம்வரை நடக்கிறான். டாக்டர் ஒத்தீலியாவைத் தனியாகக் கூப்பிட்டே சொல்லியிருந்தார்: எலும்பு இன்னும் கூடவில்லை, அந்தக் கால் அவன் உடம்பைத் தாங்கினாலே பெரிது. அதற்கு மேல் பாரம் ஏற்றினால் கம்பி முறியும், முறிந்தால் காலை எடுக்கவேண்டியதுதான்.

பெரிய வெள்ளியோ நெருங்கிவிட்டது.

எங்கள் ஆன்டிகுவா ஊரில் அன்றைக்குச் சிலுவைச் சாமியின் சப்பரம் தூக்கப் பக்தி மட்டும் போதாது, தோளும் அளவாக இருக்கவேண்டும். சபைக்காரர்கள் ஆளை நிறுத்தித் தரையிலிருந்து தோள்வரை அளந்து, ஒரே உயரக்காரர்களை ஒன்றாகச் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் குட்டையன் சும்மா நடப்பான், நெட்டையன் நசுங்குவான். தெருவுக்கு ஓர் அணி. எவேலியோ கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தன் வீட்டுத் தெருவில்தான் தூக்குகிறான்; தோள் அளவு குறைந்தால் அந்த அணியில் அவனுக்கு இடமில்லை.

"அளவெடுக்கப் போனியா?" என்றாள், ஜோட்டை அவன் மடியில் போட்டு.

"போனேன்."

"எதுல போனே?"

"பக்கத்து வீட்டு வென்செஸ்லாவோ அண்ணன் மோட்டார் சைக்கிள்ல."

"பேஷ்! ஒடிஞ்ச காலை வச்சுக்கிட்டு மோட்டார் சைக்கிள் சவாரி வேற."

"கத்தாதே. செனாய்தா ஜன்னல்ல நிக்கிறா."

"நிக்கட்டும். இந்த வீட்டு ஆம்பளை டயர்லதான் ஓடுதுன்னு அவளும் தெரிஞ்சுக்கட்டும்."

"ஒரே ஒரு தெருதானடி. எண்பது பேர் தூக்குறோம்."

"எண்பது பேரும் மூலையில இறக்கிட்டு வறுத்த மீன் தின்னப் போயிடுவாங்க. உன் காலை எடுத்தா அப்புறம் உன்னைத் தூக்க நான் ஒருத்திதான்."

"இந்த வருஷம் விட்டா என் இடத்தை வேறவனுக்குக் குடுத்துடுவாங்க. செத்தவன் இடத்தைத்தான் அப்படிக் குடுப்பாங்க, ஒத்தீலியா."

ஒத்தீலியா சபைக்காரர்களிடம் டயரைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் கோயில் வாசல்வரை போனாள். போட்டுக்கொடுத்த பெண்டாட்டி என்ற பெயரோடு அவன் முகத்தில் விழிக்கவேண்டுமே என்று திரும்பிவிட்டாள். வழியில் ஒரு பூசணி வாங்கி வந்ததாகச் செனாய்தா சொல்கிறாள். வெளியே போனதற்குச் சமாளிப்பாகத்தான்.

பெரிய வெள்ளியன்று தெருவெல்லாம் சாயமேற்றிய மரத்தூளில் கோலம். எவேலியோ ஊதா அங்கியும் கறுப்பு ஜோடுமாக, ஊன்றுகோலோடு அணியில் போய் நின்றான். டயர் ஜோடு அவனை நேராக நிறுத்தியிருந்தது. "ஆள் தேறிட்டான்" என்று நாங்கள்கூடச் சொன்னோம். ஒத்தீலியா மட்டும் அவன் பின்னாலேயே வந்து நின்றாள், சாவு வீட்டுக்கு வந்தவள்போல.

சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து சப்பரம் அசைந்து வந்தது. முந்தைய அணி விலக, இவர்கள் தோளைக் கொடுக்கத் தயாரானார்கள். எவேலியோ கோலை வென்செஸ்லாவோவிடம் கொடுத்துவிட்டு இரண்டடி வைத்தான். நிமிர்ந்த நடை. முற்றத்தில் அவன் இடது காலை ஊன்றும்போதெல்லாம் தோள் பொத்தென்று தாழ்வதை மாதக்கணக்கில் பார்த்தவள் அவள். இப்போது தாழவில்லை. தாழாத தோளில் சப்பரத்து மரம் உட்காரும், மரம் உட்கார்ந்தால் பாரம் ஒடிந்த காலில் இறங்கும். தாழ்ந்தாலோ மரம் தோளைத் தொடவே தொடாது!

ஒத்தீலியா கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடி, அவன் காலடியில் மண்டியிட்டு இடது ஜோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி பண்றே? விடு!"

"இதைக் கழட்டிட்டுத் தூக்கு. இல்ல, என்னை மிதிச்சுட்டுப் போ."

"ஊரே பாக்குது!"

"பாக்கத்தானே வந்திருக்கு."

சப்பரம் தூக்குகிற மணி அடித்துவிட்டது. பின்வரிசையில் யாரோ திட்டினார்கள். எவேலியோ பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கினான். அவள் ஜோட்டை உருவிக்கொண்டு தவழ்ந்தே விலகினாள்.

சப்பரம் எழுந்தது. ஒத்தீலியா நடைபாதையில் கூடவே நடந்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை, அந்த ஒரு தோளை மட்டும். வலது காலை ஊன்றும்போது மரம் அங்கியை அழுத்தியது. இடது காலை ஊன்றும்போது தோள் கீழே போனது, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அழுத்தம், வெளிச்சம். அழுத்தம், வெளிச்சம். பாதித் தெருவில் கருங்கல் ஒன்று வழுக்க, அவன் மரத்தைக் கட்டிப்பிடித்தான். அவள் ஜோட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன எவேலியோ, தூக்குறியா, தொங்குறியா?" என்றான் முன்னால் போனவன்.

மூலை வந்தது. மணி அடித்தது. வெளியே வந்தவன் கோலுக்குக் கையை நீட்டினான், முகம் சுண்ணாம்பாக.

"ஒத்தைக் கால்ல ஜோடில்லாம!" என்று செனாய்தா கண்ணைத் துடைத்தாள். "இப்படி ஒரு நேர்த்திக்கடனை நான் பார்த்ததேயில்லை." அந்தப் பேச்சு தெருக்கோடியை எட்ட வெகுநேரம் ஆகவில்லை. யாரும் அதை மறுக்கவுமில்லை.

வீட்டில் அவனை உட்காரவைத்து அங்கியை வழித்துவிட்டு, தொடையில் தையல் தழும்பு நெடுக விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொன்னே, கொன்னுடுவேன்."

"அங்க வலிக்கலடி." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உள்ளங்கால்ல. கல்லு கிழிச்சிடுச்சு."

ஒத்தீலியா பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பச்சையும் ஊதாவுமாக மரத்தூள் அப்பியிருந்தது, நடுவில் கொஞ்சம் ரத்தம். அவள் வெந்நீர் வைக்க எழுந்து போனாள். அடுப்படியிலிருந்து வெகுநேரம் அழுகைச் சத்தம் கேட்டது. அவன் கரண்டியை எடுக்கவேயில்லை.