பத்தரை அங்குலம்

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் கொட்டகையில் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று கடையில் வாங்கியது. மற்றொன்று நாங்களே தேக்குச் சட்டத்தில் கோடு கிழித்துச் செய்துகொண்டது; அதை மண்கோல் என்போம். மண்கோலில் ஓர் அடி என்று போட்டிருக்கும் இடத்தை நிஜக் கோலால் அளந்தால் பதின்மூன்று அங்குலத்துக்கும் மேல் இருக்கும். ஏமாற்று வேலை இல்லை, கண்ணுகளா. எங்கள் மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் பத்துக்கு ஒன்று சுருங்கும். ஓரடிப் பொம்மை வேண்டுமென்றால் மாதிரியைப் பெரிதாகத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? மண்கோலால் ஓரடி செய்துவிட்டால் வெந்து வரும்போது தானாகச் சரியான ஓரடியில் வந்து நிற்கும்.

அச்சுப் பிரிவில் கோல் என்று கேட்டால் மண்கோலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கடைக்கோல் மேஸ்திரி மேசைமேல் தூசி படிந்து கிடக்கும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்து நாலாம் வருஷம், தை முடிந்து மாசி பிறந்த சமயம், மங்கலம்பேட்டையிலிருந்து அலாவுதீன் எங்கள் கொட்டகைக்கு வந்தான். பாலிடெக்னிக் படித்தவன். இருபத்து நாலு வயது. பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறி, பஸ்ஸிலும் டீக்கடையிலும் அதே பேச்சாக இருந்த நேரம். ஒரு சுருட்டிய காகிதத்தை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு மண்கட்டிகளை வைத்தான். காகிதத்தில் ஒரு கார். பக்கவாட்டில் பார்த்தால் விழப்போகிற தண்ணீர்ச் சொட்டைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது.

"பெட்ரோல் கெடையாது, பொகை கெடையாது. லாரி பேட்டரி நாலு, கரண்டு மோட்டாரு ஒண்ணு. அவ்வளவுதாங்க" என்றான்.

மேஸ்திரி சாமிதுரை காகிதத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கு எங்ககிட்ட ஏம்ப்பா வந்த? நாங்க புள்ளையாரும் ஊறுகா ஜாடியும் பண்றவங்க."

"தகரத்துல இந்த வளைவு வராதுங்க. தட்டுனா நெளியும், எடையும் கூடும். பாண்டிச்சேரில படகுக்கு ஃபைபர்ல கூடு போடுறத பாத்துட்டு வந்தேன். பிளாஸ்டர் அச்சு ஒண்ணு இருந்தா அதுல நானே ஊத்திடுவேன். அச்சு எடுக்கறதுல உங்கள வுட்டா யாரு?"

மேஸ்திரி என் பக்கம் கையைக் காட்டினார். "உபகாரம் ஒத்துக்கிட்டா செய்யி. மாதிரி புடிக்கிறது அதுதான்."

உபகாரமேரி என் பெயர். அப்போது எனக்கு முப்பது வயது. எந்த உருவத்தையும் ஒரு தடவை பார்த்தால் மண்ணில் பிடித்துவிடுவேன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்தும் இருந்தது.

முதலில் முழ நீளத்துக்குச் சின்ன மாதிரி ஒன்று பிடித்தோம். காற்று அதன்மேல் எப்படிப் போகிறது என்று பார்க்க அவன் ஒரு வழி சொன்னான். மாதிரியின் உடம்பு முழுக்கத் தையல் நூலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு நுனியை மட்டும் ஈரமண்ணால் ஒட்டினேன். எண்ணெய்ச் சூளைக்குக் காற்றடிக்கிற ப்ளோயர் முன்னால் அதை வைத்தோம். நூல் படிந்து கிடந்தால் அந்த இடத்தில் காற்று சண்டையில்லாமல் போகிறதாம். துடித்தால் அங்கே காற்று முட்டுகிறதாம்.

முன்பக்கத்து நூலெல்லாம் படிந்து கிடந்தது. வால் பக்கம் பேயாட்டம் ஆடியது.

"என்னா தம்பி, உன் வண்டிக்கு வாலுல சாமி வந்துடுச்சே?" என்றாள் பக்கத்தில் ஜாடிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த கண்ணம்மாள்.

"நீ வேப்பல கொண்டாக்கா" என்றான் அவன். பிறகு என்னிடம், "வாலு இன்னும் மெலியணும்க்கா. மொகம் மழுங்கி இருக்கலாம், தப்பில்ல. வாலுதான் காத்த மெதுவா எறக்கி வுடணும்."

மூங்கில் கத்தியால் சீவினேன். திரும்ப வைத்தோம். திரும்பச் சீவினேன். பதினோராவது தடவை எல்லா நூலும் எண்ணெய் தடவி வாரிய தலைமுடி மாதிரி படிந்து நின்றது. அவன் ப்ளோயர் சத்தத்தையும் மீறிக் கத்தினான். அதற்கேற்ப வரைபடத்தையும் திருத்திக்கொண்டான். அன்றைக்கு அவன் முகத்தில் பார்த்த வெளிச்சத்தை நான் இன்னும் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவனுக்கு ஒரு கெடு இருந்தது. அவனுடைய மச்சான் குவைத்திலிருந்து விசா அனுப்பியிருந்தார். பெட்ரோல் சுத்திகரிக்கிற இடத்தில் வேலை. தகப்பன் இல்லாத அவனுக்குத் தாய்மாமன் நைனா முகம்மது சொல்வதுதான் முடிவு. மங்கலம்பேட்டையில் அவருக்கு மரக்கடை. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும் அவர் விருத்தாசலம் வருவார். அவரை உட்கார வைத்து அந்த வண்டி நிற்காமல் மங்கலம்பேட்டை போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் மரக்கடையை ஒட்டியே பட்டறை வைத்துத் தருவார். சேராவிட்டால் அடுத்த வாரம் பம்பாய் போய்க் கப்பல் ஏற வேண்டும்.

"போவ மனசில்லக்கா" என்பான். "பெட்ரோலு வேணாம்னு சொல்றவன பெட்ரோலு அடுப்புக்கே அனுப்பறாங்க பாரு."

அடுத்தது முழு அளவு மாதிரி. எட்டு அடி நீளம், நாலு அடி அகலம். நடுவே செங்கல்லும் சாக்கும் அடுக்கி மேலே மண் பூசி எழுப்பினேன். காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரச் சாக்குப் போர்த்தி வைத்தோம். காகிதத்தில் அவன் எழுதிய எண்களைப் பார்ப்பேன், கோலை வைத்து அளப்பேன், மண்ணை வைப்பேன். எந்தக் கோல் என்று கேட்கிறீர்களா? கையில் மண் இருக்கும்போது பத்து வருஷமாக எடுத்த கோலைத்தான் கை எடுத்தது.

அவனும் வந்து அளந்து பார்த்தான். "கோலு குடுக்கா" என்றான். கொடுத்தேன். தலையிலிருந்து வால்வரை வைத்துப் பார்த்து, "எட்டடி! மயிரிழை வித்தியாசம் இல்ல!" என்று கொட்டகை முழுக்கச் சொன்னான். "எங்க பாலிடெக்னிக் வாத்தியாருக்குக் கூட இந்தக் கை வராது."

நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

வண்டிக்கு அடிச்சட்டம் ஜங்ஷன் ரோட்டு லேத் பட்டறையில் தயாரானது. அங்கே இரும்பு நாடாவால் அளந்தார்கள். எட்டடி என்றால் அங்கே எட்டடிதான்.

மண் மாதிரிமேல் பிளாஸ்டர் அச்சு எடுத்தோம். அச்சுக்குள் அவன் ஃபைபர் நாரைப் பரப்பிப் பசையை ஊற்றினான். மாமா வரவேண்டிய வாரம், செவ்வாய்க்கிழமை காலை கூடு கழன்று வந்தது. இரண்டு பேர் தூக்கினால் போதும், அவ்வளவு லேசு. உள்ளே புகுந்து பார்த்துவிட்டு, "ஒரு குடும்பமே இருக்கலாம் போலிருக்குதே" என்றாள் கண்ணம்மாள். எல்லோரும் சிரித்தோம். கூட்டைச் சாக்கில் மூடி ஓரமாக வைத்தார்கள்.

அன்று மத்தியானம் ஒரு மாதா சொரூபத்துக்கு மாதிரி பிடிக்க உட்கார்ந்தேன். பாதர் இரண்டடி கேட்டிருந்தார். மண்கோலை நிறுத்தி வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. மாதா சூளைக்குப் போவாள், சுருங்குவாள். கார் எந்தச் சூளைக்குப் போகப்போகிறது? ஃபைபர் எங்கே சுருங்கும்?

எழுந்து போய், மேஸ்திரி மேசையிலிருந்த கடைக்கோலை முந்தானைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு கூட்டை அளந்தேன். எட்டடி பத்தரை அங்குலம்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? புதன், வியாழன் இரண்டு நாள் முழுசாக இருந்தது. அடிச்சட்டத்தில் நீளத்துக்கும் அகலத்துக்கும் துண்டு இரும்பு வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அதே லேத் பட்டறை, அதே ஆட்கள். வண்டி கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்ததாகத்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். சாமிதுரை மேஸ்திரி ரெண்டு வார்த்தை திட்டியிருப்பார், அதற்குமேல் ஒன்றுமில்லை. 'மயிரிழை வித்தியாசம் இல்ல' என்று அவன் ஊருக்கெல்லாம் சொன்ன கை தப்பிவிட்டது என்று அந்தக் கைக்குச் சொந்தக்காரி எப்படிச் சொல்வாள்? அதுதான் நிஜம். புதன்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை, வியாழக்கிழமை என்று நினைத்தேன். ஒருவேளை எப்படியாவது பொருந்திவிடும் என்று வியாழக்கிழமை கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். வாய் இருக்க மெழுகுவர்த்தியைப் பேசச் சொன்னேன், பாருங்கள்.

வெள்ளிக்கிழமை லேத் பட்டறை வாசலில் கூட்டம். நைனா முகம்மது வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட்டைத் தூக்கிச் சட்டத்தின்மேல் வைத்தார்கள். முன்னால் ஒரு சாண் துருத்திக்கொண்டு நின்றது. இழுத்து முன்பக்கம் பொருத்தினால் வால் பின்னால் தொங்கியது. ஆணி போட வைத்திருந்த ஒரு துளைகூட எதிர்த் துளைக்கு நேராக வரவில்லை.

"மாப்ள, தம்பி சட்டைய அண்ணன் போட்டுப் பாத்திருக்கேன். அண்ணன் சட்டைய தம்பிக்குப் போட்டுட்டியே!" என்றார் மாமா. கூட்டம் சிரித்தது.

அலாவுதீன் சிரிக்கவில்லை. பட்டறை நாடாவை வாங்கி அளந்தான். மறுபடி அளந்தான். வரைபடத்தை விரித்து அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். நான் நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

"அச்சுல ஏதாவது கோளாறா இருக்கும்ப்பா" என்றார் சாமிதுரை.

"இல்லீங்க. மண் மாதிரிய நானே அளந்தேன், எட்டடி இருந்துச்சு. அக்கா கை தப்பாது. பசை இறுவும்போது ஊதியிருக்கணும். எத்தினி ஊதும்னு கணக்குப் போடாம வுட்டுட்டேன். என் தப்புதான்."

என்னைப் பார்த்து, "மனசுல வச்சிக்காதக்கா" என்றும் சொன்னான். என்னிடம்!

கயிறு போட்டுக் கட்டி, மாமாவை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லாமல் வண்டி புறப்பட்டபோது கூட்டம் கைதட்டியது உண்மை. மணிமுத்தாற்றுப் பாலத்து ஏற்றத்தில் வால் ரோட்டில் இடித்துக் கயிறு அறுந்து, கூடு அப்படியே பின்னால் வழுக்கி விழுந்தது. மாமா வெறும் சட்டத்தின்மேல் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இறங்கி வந்து அவன் தோளில் கை வைத்தார். "ஓடுதுடா மாப்ள, ஓடலன்னு சொல்லல. ஆனா பேச்சுன்னா பேச்சுதான?"

"ஆமா மாமா" என்றான்.

அடுத்த வாரம் பம்பாய்க்கு ரயில் ஏறினான். ஜங்ஷனுக்கு நான் போகவில்லை. மாதாவுக்கு மெருகு போடும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கூடு எங்கள் கொட்டகைக்கே வந்து சேர்ந்தது. கவிழ்த்துப் போட்டால் நல்ல தொட்டி. மேஸ்திரி அதில் மண் ஊறப்போடச் சொன்னார். நாலு வருஷம், தினமும் காலையில் வந்ததும் அந்த வால் பக்கம் குனிந்துதான் மண் அள்ளுவேன்.

எழுபத்தெட்டில் லீவில் வந்தான். உடம்பு கறுத்திருந்தது. முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. கண்ணம்மாளுக்கும் எனக்கும் ஆளுக்கொரு சேலை கொண்டுவந்திருந்தான். தொட்டியைப் பார்த்துச் சிரித்தான். பிறகு பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தான்.

"வெள்ளிக்கெழம எங்களுக்கு லீவுக்கா. நாலு வருசமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இதான் வேல. அங்க இருக்கிற எஞ்சினியருங்கள கேட்டேன். ஃபைபர் அப்படி ஊதாதுன்றாங்க. கொஞ்சம் சுருங்குமாம், அதுவும் நூலளவுக்குத்தானாம். அப்ப என் கணக்கு எங்க தப்புச்சு? எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பத்துக்கு ஒண்ணு கூடியிருக்குது. அது எப்பிடின்னுதான் புரியல."

நோட்டு முழுக்கப் பொடி எழுத்தில் எண்கள். அடித்து அடித்துத் திருத்தியிருந்தான். எத்தனை வெள்ளிக்கிழமைகள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத் தைரியமில்லை.

சேலையைக் கீழே வைத்தேன். சுவரிலிருந்து மண்கோலை எடுத்தேன். மேஸ்திரி மேசையிலிருந்து கடைக்கோலை எடுத்தேன். இரண்டையும் அவன் நோட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"கூடு கழட்டுன அன்னிக்கே எனக்குத் தெரியும் தம்பி" என்றேன்.

குனிந்து பார்த்தான். விரலால் இந்தக் கோட்டையும் அந்தக் கோட்டையும் தொட்டான். நான் அடிக்குக் காத்திருக்கிற மாடு மாதிரி நின்றேன்.

அவன் நிமிர்ந்தபோது, ப்ளோயர் முன்னால் நூல்கள் படிந்த அன்றைக்கு இருந்த அதே வெளிச்சம் முகத்தில் இருந்தது.

"அப்ப என் கணக்கு சரி" என்றான். "அக்கா, என் கணக்கு சரிதான!"

"சரிதான் தம்பி."

"மொத்தமும் சரி!" கண்ணம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னான். மேஸ்திரியிடம் போய்ச் சொன்னான். தொட்டியின் வாலைத் தடவிக்கொடுத்தான், சேறோடு சேறாக. பிறகு கடிகாரத்தைப் பார்த்து, மாமா வூட்டில் சோறு ஆறிப்போகும் என்று கிளம்பிவிட்டான். பத்து நாளில் திரும்பக் குவைத்துக்குப் போய்விட்டான்.

ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவே இல்லை, கண்ணுகளா. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு பதிலை நாலு வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.