வள்ளத்துக்குக் கப்பல் கலர்

டப்பாவின் மூடியை மீன் அரியும் கத்தியால் நெம்பித் திறந்தாள் ரீத்தா. மேலே ஆடை கட்டியிருந்தது. குச்சியால் அதை ஒதுக்கியதும் நீலம் என்றும் சொல்ல முடியாமல் சாம்பல் என்றும் சொல்ல முடியாமல், இரண்டும் சண்டையில்லாமல் ஒரே வீட்டில் குடியிருப்பது போல ஒரு நிறம் தெரிந்தது. அந்தமான் போர்ட் பிளேரில் கப்பல் பட்டறையில் பெயிண்டராக இருக்கும் அவள் தம்பி அல்போன்ஸ், மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிய மிச்சம் அது. அக்கா வீடிருந்த வண்டூர் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் அவன் வெள்ளை வேட்டியும் பாதி கப்பலாகியிருந்தது.

"இது என்ன கலருடா?"

"கிரே கலரு அக்கா. கப்பல் கலர். அழுக்கு தெரியாது, கண்ணு கூசாது. ஆபீசர் சாப் பங்களா கதவு, ஜெட்டி ஆபீஸ் ஜன்னல், ஆஸ்பத்திரி பெஞ்சு, எல்லாத்துக்கும் இதான். சர்க்காருக்கு வேற கலரே தெரியாது."

அவன் வீட்டுக் கதவுக்குத்தான் கொண்டு வந்திருந்தான். ரீத்தாவின் கண்ணோ கரையில் கவிழ்த்திருந்த மீன்பிடி வள்ளத்தின் மேல் போயிற்று. தூத்துக்குடிப் பக்கத்து வழக்கப்படி அவள் புருஷன் லூர்துநாதன் அதற்குச் சிவப்படித்து மஞ்சள் பட்டை போட்டிருந்தான். மூன்று வருஷத்து வெயிலிலும் உப்பிலும் சிவப்பு உரிந்து, சொறி பிடித்த மாதிரி நின்றது. ஊரில் எல்லா வள்ளமும் அப்படித்தான், திருவிழாக் கடை போலக் கத்தும். அவளுக்கு அந்தக் கத்தல் பிடிப்பதில்லை.

கப்பல் கலர் மேல் அவளுக்கு ஆசை வர ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் மலேரியாவில் விழுந்து பன்னிரண்டு நாள் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சுவரில் இடுப்பு உயரத்துக்கு இதே நிறம். காய்ச்சலில் கண்ணைத் திறந்தால் ஜன்னல் வெளிச்சம் குத்தும், நர்ஸின் வெள்ளை உடுப்பு குத்தும். அந்தச் சுவர் மட்டும் குத்தாது. நெற்றியில் ஈரத்துணி போட்டதுபோல இருக்கும். பிழைத்து எழுந்தது மருந்தாலா மாதாவாலா என்று மற்றவர்கள் பேசிக்கொண்டபோது, சுவருக்கும் அதில் பங்குண்டு என்று மனசுக்குள் வைத்துக்கொண்டாள். இந்த நிறம் பூசிய இடத்தில் கெட்டது நடக்காது என்று ஒரு நம்பிக்கை. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"வள்ளத்துக்கா?" என்றான் லூர்துநாதன். அதிகம் பேசாதவன். அவனிடம் பத்து வார்த்தை வாங்குவதற்குள் உலை கொதித்துவிடும்.

"நல்லாருக்கும். கெவர்மெண்டு கப்பல் கணக்கா."

அவன் தோளைக் குலுக்கினான். அடுத்த இரண்டு நாளில் மூன்று பேருமாகப் பூசி முடித்தார்கள். அல்போன்ஸ் கப்பலுக்குச் செய்வது போல் ஒரு பூச்சு காயவிட்டு மறுபூச்சு அடித்தான். கதவுக்குப் பெயிண்ட் மிஞ்சவில்லை.

வண்டூர்க் கரையில் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே உள்ள தீவின் முனையைத் தன் வீட்டு வள்ளம் திரும்பினதும் உலை வைப்பார்கள். கரைக்கு வந்து சேர்கிற நேரத்துக்குச் சோறு பதமாக இருக்கும். ரீத்தாவும் அப்படித்தான் சிவப்பைப் பார்த்து உலை வைத்துப் பழகியவள். பெயிண்ட் அடித்த பிறகு முனையில் வள்ளம் கண்ணில் படாமல் மூன்று நாள் சோறு பிந்தியது. பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசி கேலி செய்தாள். அவள் புருஷன் சண்முகத்துக்கு எஞ்சின் வைத்த படகு இருந்ததால் அவளுக்குச் சத்தமே போதும், பார்க்க வேண்டியதில்லை.

"என்ன ரீத்தா, உன் வீட்டு வள்ளத்தக் கடல் முழுங்கிருச்சா?"

ரீத்தாவும் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த புதன்கிழமை லூர்துநாதன் மத்தியானமாகியும் வரவில்லை. ஆவணி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்தது. மூன்று மணிக்குச் சண்முகம் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போய், ஒரு மணி நேரத்தில் தனியாக வந்தான். மறுபடி போனான். மறுபடியும் தனியாக வந்தான்.

"முனை வரைக்கும் போய்ப் பாத்துட்டேம்மா. ஒண்ணுமே தெரியல. கடல் எது, வானம் எதுன்னே தெரியல."

அப்போதுதான் ரீத்தா கடலைச் சரியாகப் பார்த்தாள். தண்ணீர், மேகம், தூரத்துத் தீவு, மழைத்திரை எல்லாமே அல்போன்ஸின் டப்பாவிலிருந்து எடுத்துப் பூசியது போல் இருந்தன. பழைய சிவப்பு இருந்திருந்தால் சண்முகம் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பான். நான்தானே அவரைக் கொண்டுபோய்க் கடலுக்குள் ஒளித்து வைத்தேன் என்று நினைத்தாள். ஜெபமாலையை எடுத்தாள். வாய் சொல்லிக்கொண்டே போயிற்று, மனசு எதிலும் நிற்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வள்ளம் மணலில் உரசும் சத்தம் கேட்டது. அவ்வளவு கிட்ட வந்தும் அவள் காதால்தான் அறிந்தாள். பாய்மரம் ஒடிந்து கிடந்தது. துடுப்பும் போய், உட்காரும் பலகையைப் பெயர்த்து அதாலேயே துழாவி வந்திருந்தான் லூர்துநாதன். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. அவளைப் பார்த்து, "சோறு இருக்கா?" என்றான். அவள் அழுதாள், திட்டினாள், பிறகு சோறு போட்டாள்.

பாதிச் சாப்பாட்டில் அவனாகவே பேசினான்.

"சம்முவம் ரெண்டு தரம் வந்தான். மொத தரம் தொண்ட கிழியக் கூப்பிட்டேன். எஞ்சின் சத்தத்துல கேக்கல."

"ரெண்டாந்தரம்?"

"ரொம்பக் கிட்ட வந்தான். பீடி பத்த வச்சது தெரிஞ்சுது." கையிலிருந்த சோற்றை உருட்டினான். "கூப்பிடல."

"ஏன்?"

"தெரியல ரீத்தா. எல்லாம் ஒரே கலரா இருந்துச்சு. நான் இருக்கிறது யாருக்கும் தெரியல. நல்லாருந்துச்சு. பொறவு நீ நெனப்புல வந்த, பலகையப் பேத்தேன்."

சொல்லிவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான். ரீத்தாவுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை, பயம்தான் வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே அவளும் ஒருநாள், இப்படியே இருந்துவிட்டால் என்ன, எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அன்று அவளை எழுப்பி உட்காரவைத்துக் கஞ்சி புகட்டியவன் இவன்தான்.

மறுநாள் கடைக்குப் போய்ச் சிவப்புப் பெயிண்ட் கேட்டாள். மெட்ராஸ் கப்பல் வந்தால்தான் என்றார்கள். அதற்குப் பத்து நாளோ பதினைந்து நாளோ. அதுவரை அடுப்பு சும்மா இருக்காது. பாய்மரத்தைச் சீர்படுத்தி, துடுப்பு ஒன்று இரவல் வாங்கி, கையில் துணி சுற்றிக்கொண்டு, மூன்றாம் நாள் விடியலில் லூர்துநாதன் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளினான்.

அவர்கள் ஊர்க் கரையில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. ஏறினால் மீன் விலகிப் போகும் என்பது பேச்சு. ரீத்தா தன் மிளகாய்ப்பழச் சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, விளிம்பைப் பிடித்து ஏறினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத? எறங்கு. கரையில பாக்காவ."

"பாக்கட்டும். அதுக்குத்தான் ஏறுனேன்."

"மீன் கெடைக்காது."

"கெடைக்காட்டிப் போகுது. சம்முவம் அண்ணன் வந்தா நான் கூப்பிடுவேன். எத்தன தரம் வந்தாலும் கூப்பிடுவேன்."

அவன் துடுப்பைத் தண்ணீரில் போடாமல் அவளையே பார்த்தான். பிறகு காலடியில் கிடந்த பெரிய தேங்காய்ச் சிரட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். வள்ளத்தின் அடியில் தண்ணீர் கசிந்திருந்தது. அதை இறைப்பதும் ஒரு ஆளின் வேலைதான்.

கரையில் மங்கையர்க்கரசியும் இன்னும் இரண்டு பெண்களும் நெற்றியில் கை வைத்து நின்றார்கள். தீவின் முனை வந்தது. சுற்றிலும் கடல் அதே நிறத்தில் கிடந்தது. ரீத்தா சிரட்டையில் கோரிய தண்ணீரை முகத்தருகே தூக்கிப் பார்த்தாள். அதற்கு நிறமே இல்லை, சிரட்டையின் அடி வரை தெரிந்தது. வெளியே கொட்டிவிட்டு மறுபடியும் கோரினாள்.