பியோனி நின்ற இடம்

அக்டோபரில் வீடு வாங்கியபோது தெற்குச் சுவரோரம் வெறும் மண்தான் இருந்தது. பாகூ அடுப்படியைப் பார்ப்பதற்கு முன்பே அந்த மண்ணைத்தான் பார்த்தாள். பின்பக்கம் முழுக்க மேப்பிள் மர நிழல். முன்பக்கம் பனிக்காலத்தில் பனி உருக உப்புக் கொட்டுகிற நடைபாதை. செயின்ட் பால் நகரத்தில் அவர்கள் கைக்கு எட்டிய அந்த வீட்டில் வெயில் முழுதாக விழும் இடம் சுவரோரத்து அந்த ஒரு பட்டைதான். இருபதடி நீளம், மூன்றடி அகலம். இது போதும் என்று கணவன் செங்கிடம் சொன்னாள், வாங்கினார்கள்.

ஏப்ரல் கடைசியில் அந்த மண்ணைப் பிளந்துகொண்டு ஆறு இடங்களில் சிவப்பாக விரல்விரலாக ஏதோ கிளம்பியது.

"பியோனி," என்றாள் பக்கத்து வீட்டு ஆர்டிஸ், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி. "பூச்செடி. எங்க அக்கா வெர்னா வச்சது. நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. நீங்க வீடு பாக்க வந்தப்ப அதுங்க மண்ணுக்கடியில தூங்கிட்டிருந்துச்சு."

ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வெர்னா இறந்த பிறகுதான் இந்த வீடு விற்பனைக்கு வந்தது. பாகூ வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். ஐந்தாம் மாதம்.

செப்டம்பரில் பிள்ளை பிறந்ததும் முப்பது நாள் பத்தியம். வேளைக்கு வேளை சுடுசோறும் மூலிகை போட்ட கோழிச்சாறும்தான். பச்சைத் தண்ணீர் படக்கூடாது, குளிர்காற்று படக்கூடாது. அவர்களுடைய ஹ்மோங் இனத்து வீடுகளில் இதில் பேரம் கிடையாது. மூலிகைகள் குளிர்காலம் முழுக்க ஜன்னல் விளிம்புகளில் தொட்டிகளில் உட்கார்ந்திருந்தன. வசம்புக்குத் தங்கை மாதிரி வாள் இலை விட்ட ஒன்று, சிவப்புத் தண்டு ஒன்று, வாயில் வழுக்கும் கீரை ஒன்று, கசப்பைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒன்று. தொட்டியில் அவை சாகாமல் இருக்கும், அவ்வளவுதான். நாளுக்கு ஒன்றாக முப்பது கோழிக்குத் தழைக்க வேண்டுமானால் உறைபனி விலகியதும் தரைக்கு வந்தாக வேண்டும்.

மூத்தவள் நூ பிறந்தபோது செங் ஃபார்கோ நகரத்தில் படித்துக்கொண்டிருந்தான்; அவளும் அங்கேதான் இருந்தாள். ஜனவரி மாதம். மாமியார் யுவா பேருந்தில் போட்டு அனுப்பிய மூலிகை வழியிலேயே உறைந்து, கைக்கு வந்தபோது கறுத்த கூழாக இருந்தது. பாகூ முப்பது நாளும் மிளகும் எலுமிச்சைப்புல்லும் போட்ட கோழியைக் குடித்தாள். அன்றிலிருந்து நான்கு வருடமாக அவளுக்கு எது வந்தாலும் மாமியாரிடம் காரணம் தயார்.

"முட்டி வலிக்குதா? வலிக்காம என்ன செய்யும். மூலிகை இல்லாம எழுந்தவதானே நீ."

"அத்தை, நான் படிக்கட்டுல விழுந்தேன்."

"மூலிகை சாப்பிட்டிருந்தா விழுந்திருக்க மாட்ட."

மாமியாரின் தோட்டத்தில் மூலிகை ஏராளம். கேட்டால் தருவாள். தந்ததை உறவுக்காரர் ஒருவர் விடாமல் சொல்லுவாள். சந்தையிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பறித்து எத்தனை நாளானதோ யார் கண்டது. இந்த முறை தன் மண்ணில், தன் கையால் வைத்த செடியிலிருந்து முப்பது நாள். ஒரு நாள்கூடக் குறையாமல். பாகூ முடிவு செய்துவிட்டாள்.

செங் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். எந்தச் சிக்கலையும் தாளில் இரண்டாகப் பிரித்து எழுதினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஒரு பக்கம் பியோனி, மறுபக்கம் மூலிகை என்று எழுதினான். பியோனி பனிக்கு அடியில் கிடந்தே பிழைக்கும்; மூலிகை முதல் உறைபனியில் போய்விடும். பியோனிக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. மூலிகைக்குத் தினமும் வேண்டும். பியோனியை மான்கூடத் தொடாது.

"தாளைப் பாத்தா பியோனிதான் ஜெயிக்குது," என்றான் தயங்கிக்கொண்டே.

"தாளுக்கா பிள்ளை பொறக்கப்போகுது?"

மறுநாள் காப்பி குடிக்க வந்த ஆர்டிஸ், பேனாவை எடுத்துப் பியோனியின் பக்கம் 'மணம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்த மாமியாருக்கு எழுதத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மூலிகையின் பக்கம் பெரிதாக ஒரு கோழியை வரைந்துவிட்டுப் போனாள்.

ஆர்டிஸ் விடுவதாக இல்லை.

"வீடு உன்னோடது. செடி வெர்னாவோடது."

"வயிறு என்னோடது."

ஆர்டிஸ் வேலிக்கம்பியைத் தட்டினாள். "பியோனியை செப்டம்பர்லதான் எடுத்து வைக்கணும். இப்பத் தோண்டினா கோவிச்சுக்கும்."

"செப்டம்பர்ல நான் கட்டில்ல இருப்பேன், ஆர்டிஸ்."

"கோவிச்சா மூணு வருஷம் பூக்காது. எனக்கு அறுபத்தொம்பது வயசு. அதுவரைக்கும் வெர்னா கல்லறைக்கு நான் என்னத்தை எடுத்துட்டுப் போறது? கடையில விக்கிற கார்னேஷன் பூவையா? எழுந்து வந்து திட்டுவா."

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை நினைவு நாள்; ஊரே கல்லறைகளுக்குப் பூ கொண்டுபோகும். வெர்னா வருடாவருடம் அவர்களுடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாளி நிறையப் பியோனி கொண்டுபோன நாள். இந்த வருடம் வெர்னாவே அங்கே படுத்திருக்கிறாள்.

பாகூ அன்று மாலை அளவுநாடாவோடு சுவரோரம் நடந்தாள். பானைக்கு ஒரு பிடி, முப்பது பானை; அதற்கு நான்கு பியோனி நிற்கும் இடம் போதும். வேலிக்கு வந்து ஆர்டிஸைக் கூப்பிட்டாள்.

"நினைவு நாள் வரைக்கும் தொடமாட்டேன். செவ்வாய்க்கிழமை காலைல தோண்டுவேன். நாலு செடி. அதை நீங்க வச்சுக்கோங்க, ரெண்டு இங்கயே இருக்கட்டும்."

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"அப்பவும் தோண்டுவேன். நீங்க பாக்காத நேரத்துல தோண்டுவேன், வேர் அறுந்துபோகும்."

"சரியான கழுதை நீ," என்றாள் ஆர்டிஸ். ஆனால் மறுநாளே தன் முன்புல்வெளியில் வெயில் விழும் இடத்தில் கயிறு கட்டி அளந்துகொண்டிருந்தாள்.

நினைவு நாளுக்கு மிச்சமிருந்த இரண்டு வாரமும் பாகூவுக்கு நெருப்பின்மேல் நிற்பது போலிருந்தது. தொட்டிகளின் அடி ஓட்டை வழியே வேர் நீட்டியது, கீரை மஞ்சளடித்தது. மாமியார் தினமும் தொலைபேசியில் கேட்டாள். "வச்சாச்சா? இன்னும் இல்லையா? உங்க வீட்டு பியோனி என்ன, கோழிக்குள்ள போட்டு வேகவைக்கிற சாதியா?"

ஞாயிறு காலை ஒரு மொட்டு விரிந்துவிட்டது. பாகூ தண்ணீர்க் குழாயோடு வந்தவள் குனிந்து முகர்ந்தாள். ரோஜா மாதிரி, அதற்குள் எங்கோ எலுமிச்சைத் தோல் மாதிரி. பூவிலிருந்த எறும்பு மூக்கில் ஏறியதுகூடத் தெரியாமல் நின்றாள். எந்த நோயையும் தீர்க்காத, யார் பசியையும் ஆற்றாத ஒன்று இத்தனை நிறைவாக இருக்க முடியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மனம் மாறிவிடுமோ என்று பயந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆர்டிஸ் விரிந்ததையும் விரியாததையும் வெட்டி மூன்று வாளிகளில் நிரப்பிக் கொண்டுபோனாள். செவ்வாய்க்கிழமை செங் வேலைக்குக் கிளம்பியதும் பாகூ மண்வெட்டியை எடுத்தாள். நான்கு வெட்டு விழுவதற்குள் ஆர்டிஸ் மண் கிளறும் இரும்புக் கவைக்கோலோடு வேலியைச் சுற்றி வந்துவிட்டாள்.

"தள்ளு. வயித்தோட நீ தோண்டுறதை என்னால பாக்க முடியல."

"அடியில அழுத்துங்க. நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன்."

"நீ எதையும் பிடிக்காத. ஆறு மாசத்துக்காரி மாதிரி நில்லு."

பாகூ நிற்கவில்லை. வேர்க்கட்டி ஒவ்வொன்றும் பன்றிக்குட்டி அளவு இருந்தது. போர்வையில் உருட்டி இருவருமாக இழுத்துப் போனார்கள். குழியில் வைத்ததும் ஆர்டிஸ் வேரில் தண்டு கிளம்பும் கண்ணுக்கு மேலே இரண்டு விரல் வைத்து அளந்தாள். "இவ்வளவுதான் மண். இதுக்கு மேல மூடினா வெறும் இலையா நின்னு பழி வாங்கும்."

மத்தியானத்துக்குள் மூலிகைகள் சுவரோரம் இறங்கிவிட்டன. ஜூலையில் அவை முழங்கால் உயரம். ஆர்டிஸின் புல்வெளியில் பியோனிகள் தலைகுப்புறச் சாய்ந்து கிடந்தன; அவற்றில் இரண்டு செடிகள் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டன. பாகூ தினமும் காலையில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் தன் செடிக்கு வந்தாள்.

"செத்துப்போச்சு," என்பாள் ஆர்டிஸ் வாசலில் உட்கார்ந்தபடி.

"இன்னும் இல்லை," என்பாள் பாகூ.

மகன் பன்னிரண்டு நாள் முந்திக்கொண்டு செப்டம்பர் மூன்றாம் தேதி பிறந்தான். செங் ஒவ்வொரு காலையும் கத்தரிக்கோலோடு சுவரோரம் போய் ஒரு பிடி வெட்டி வந்தான். முதல்நாள் சாறு தொண்டையில் இறங்கியபோது, அந்தக் கசப்பில் பாகூவுக்குக் கண் நிறைந்தது. இருபத்திரண்டு நாள் தடையில்லாமல் ஓடியது. இருபத்திமூன்றாம் நாள் மதியம் உறைபனி எச்சரிக்கை வந்தது. செங் வேலையில். அவள் வெளியே போகக் கூடாது. ஆர்டிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

சாயங்காலம் ஆர்டிஸ் நீலப்பூப் போட்ட படுக்கை விரிப்புகளோடு வந்தாள். வெர்னாவின் விரிப்புகள்; செடிகளின் மேல் போர்த்தத் தொடங்கினாள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாகூ ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள்.

"அந்த ஓரம் விட்டுப்போச்சு!"

"எனக்குக் கண்ணு இருக்கு. போய்ப் படு."

விடிந்ததும் புல்வெளி வெள்ளையாகக் கிடந்தது. ஆர்டிஸ் விரிப்புகளைத் தூக்கிப் பார்த்தாள். விட்டுப்போன அந்த ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. "பேசாத," என்றாள் ஜன்னலைப் பார்த்து. மிச்சம் ஏழு நாள். பாகூ பிடியைச் சற்றே குறைத்து வெட்டச் சொன்னாள். ஏழு நாளுக்கும் வந்தது.

முப்பதாம் நாள் மாமியார் வந்தாள். அன்று ஆர்டிஸும் இருந்தாள். காலையில் பியோனியின் மேல்மண்ணை விலக்கிப் பார்த்ததாகவும், நாலில் மூன்றில் அடுத்த வருட முளைக்கண் சிவந்திருப்பதாகவும், யாரும் கேட்காமலே சொன்னாள். சொல்லிவிட்டு, அதற்காக மே மாதத்தில் தோண்டியது சரியென்று ஆகிவிடாது என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மாமியார் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சாற்றைக் குடித்தாள். குறை சொல்ல வாயைத் திறந்தவள், மறுபடி ஒரு வாய் குடித்தாள். எழுந்து தெற்குச் சுவரோரம் போய்க் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"அந்த வாள் இலை," என்றாள், தொட்டிலில் இருந்த பேரனிடம் பேசுவது போல. "என்னோடது இந்த வருஷம் அழுகிப்போச்சு. ஒரு கிழங்கு இருந்தா..."

பாகூ அவசரப்படவில்லை. கிண்ணத்தின் அடியில் இருந்ததையும் குடித்து முடித்தாள்.

"ஒண்ணு போதுமா, அத்தை?"