ஆறடி கேட்

சக்கரபாணியின் மௌனத்தில் பல ரகம் உண்டு. சாம்பாரில் உப்புக் கூடினால் ஒன்று, சூளையில் சரக்கு வெடித்தால் ஒன்று. கூட வாழ்ந்து பழகிய செல்வநாயகிக்கு எல்லாமே அத்துப்படி. ஆனால் கார் வாங்கலாம் என்று பேச்செடுத்த நாளிலிருந்து அவர் காத்த மௌனம் புதுசு. அதற்குள்ளே ஒரு பெரிய வண்டி நின்றுகொண்டிருந்தது.

கரண்டு வண்டிதான் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. எது என்பதில்தான். செல்வநாயகி ஸ்ரீமுஷ்ணத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் இடிபட்டுப் போய் வருகிறவள். கோடை லீவில் யாருக்கும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அவள் கேட்டது இரண்டே கதவுள்ள குட்டி வண்டி. செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பியூஸ் கேரியர் செய்கிற பட்டறை வைத்திருக்கும் சக்கரபாணிக்கோ, ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி வேண்டும்.

பெரியது ஒரே சார்ஜில் சென்னை போய்ச் சேரும் என்றார். தினமும் ஸ்ரீமுஷ்ணம் போய் வர சென்னை வரைக்கும் பேட்டரி எதற்கு என்றாள். மழைக்காலத்தில் தெருத் தண்ணீரில் சின்னது படகாகிவிடும் என்றார். வீட்டில் இருப்பது இரண்டு பேர், ஓசூரிலிருந்து மகள் பூர்ணிமா வந்தால் மூன்று, மீதி நாலு சீட்டில் பியூஸ் கேரியரை உட்கார வைத்து பெல்ட் போடுவீர்களா என்று கேட்டாள். அவர் வேறு பக்கமாக வந்தார்.

"நீ எதுக்கு ஓட்டி அலையிற? அதான் நான் இருக்கேன்ல. காலையில கொண்டுபோயி வுட்டுட்டு, சாயங்காலம் கூட்டியாந்துடுறேன்."

அன்பாகத்தான் சொன்னார். வம்பே அதில்தான் இருந்தது. கோபத்தோடு சண்டை போடலாம். அன்போடு எப்படிப் போடுவது? அந்தப் பெரிய வண்டியின் ஸ்டியரிங் தன் கைக்கு ஒருநாளும் வராது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. லைசென்ஸ் ஹேண்ட்பேக்கில் பஸ் டிக்கெட்டுகளோடு கிடந்தே பழசாகிவிடும்.

"கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிடுவேன், பாத்துக்குங்க" என்றாள். மணவாளநல்லூர் முருகனிடம் குறையை எழுதிக் கட்டிவிட்டு வந்தால் அவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்.

"தாராளமா கட்டு."

"அவரே ஒத்தை ஆளு போற வண்டிதான் வெச்சிருக்காரு. தீர்ப்பு எனக்குத்தான்."

சாமியைவிட அவள் நம்பியிருந்தது வீட்டுக் கேட்டை. தையல் டேப்பால் அளந்திருந்தாள்: சரியாக ஆறடி. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் நைனா முகம்மதுவின் மதில். நுழையாத வண்டியை வாங்கி என்ன செய்ய?

கடலூர் ஷோரூமில் வளவன் என்கிற பையன் அகலம் அச்சடித்த தாளை நீட்டினான். சக்கரபாணி வாங்கவில்லை. அளக்காமல் எதையும் நம்புகிற வழக்கம் அவருக்கில்லை. தோள் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, பம்பருக்குக் கீழே தரையில் வைத்து, சாக்பீஸால் கோடு கிழித்துக் கிழித்து நகர்த்தினார். ஷோரூமே வேடிக்கை பார்த்தது. செல்வநாயகி அந்த நேரத்தில் குட்டி வண்டிக்குள் உட்கார்ந்து, ஓடாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சடி ஏழு அங்குலம். அவள் அளந்து சொன்ன ஆறடிக் கேட்டுக்குள் தாராளமாகப் போகும் என்று வந்து சொன்னார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வளவன் பெரிய வண்டியை வீட்டுக்கே ஓட்டி வந்தான். உள்ளே நிறுத்திப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதாக ஏற்பாடு. வண்டி திரும்பியது, கேட்டுக்கு மூக்கைக் கொடுத்தது, நின்றது. கண்ணாடிகளை மடக்கிப் பார்த்தான். பின்னால் போய் மறுபடி வந்தான்.

"நுழையாது சார்."

"நுழையணுமே" என்றார் சக்கரபாணி.

"நீங்க சொல்றது வண்டிக்குக் கேக்கல போலருக்குது அண்ணே" என்றார் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நைனா முகம்மது.

சக்கரபாணி ஸ்கேலைக் கொண்டுவந்து கேட்டை அளந்தார். அஞ்சடி நாலு. இன்னொரு தரம் அளந்தார். அதே அஞ்சடி நாலு. ஆறடிக் கேட்டு ராத்திரியோடு இளைத்துவிட்டதா? கையிலிருந்த ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

செல்வநாயகியும் பார்த்தாள். பட்டறையில் அச்சு செய்கிற ஸ்கேல் அது. பச்சை மண் சூளைக்குப் போனால் சுருங்கும் என்பதால், அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும்; அதற்காகவே அதில் ஒவ்வொரு அங்குலமும் நிஜ அங்குலத்தைவிட நீளம். அதில் அஞ்சடி ஏழு என்றால் நிஜத்தில் ஆறடியைத் தாண்டும். பூர்ணிமா ஒன்பதாம் வகுப்பில் தெரியாமல் இதைப் பரீட்சைக்கு எடுத்துப்போய், போட்ட முக்கோணமெல்லாம் தப்பாகி அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்கு ஸ்கேலைப் பார்த்து எடுக்க வேண்டாமா என்று வைதவர் சக்கரபாணி.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றாள் அவரிடம். "நீங்க அளந்தது சரிதான். சூளையில வெச்சி எடுத்தா நுழைஞ்சிடும்."

வளவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நைனா முகம்மது சிரித்து முடித்துவிட்டு, அக்கறையாக ஒன்று சொன்னார்: தன் மதிலில் ஒரு அடி இடித்துக்கொண்டாலும் தனக்குச் சம்மதம்தான்.

செல்வநாயகிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கேட்டும் கைவிட்டால் இனி எதன் பின்னால் ஒளிவது?

"செவுரெல்லாம் வேணாங்க" என்றாள், மெதுவாக. "எனக்கு ஓட்டணும். யாரும் கொண்டுபோயி வுட வேணாம்."

அதற்கு அவர் காத்த மௌனம் எந்த ரகம் என்று அவளுக்கும் பிடிபடவில்லை. மதிலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், ஷோரூமில் அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்பது இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல அவளைப் பார்த்தார்.

"பிராது கட்டிட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப வுட்டுடு" என்றவர், வளவன் பக்கம் திரும்பி, அந்தச் சின்ன வண்டி என்னென்ன கலரில் வருகிறது என்று கேட்டார்.

குட்டி வண்டி வந்த அன்று அவர்தான் இடது பக்கம் ஏறினார். முட்டிக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் இருந்த இடத்தைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, பைக்குள் கையை விட்டார்.

"அதுல அளக்காதீங்க. இருக்கற எடமும் கொறஞ்சிடும்."

கை வெளியே வந்தது. அவள் ரிவர்ஸ் எடுத்தாள். இரண்டு பக்கமும் தாராளமாக இடமிருந்தும், கேட்டைத் தாண்டி முடிக்கிற வரைக்கும் சக்கரபாணி வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.