உட்கார்ந்துகொண்டே நடந்தவர்

காலைப் பார்க்கக் கூடாது என்று நர்ஸ் மூன்றாவது தடவை விரட்டியதும் அவர் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்து நின்றார். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய கண். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார்; அதனால் அங்கே அவருக்குப் பெயரே புள்ளிக்காரர்தான். கட்டு மாற்றும்போது ஒரு நொடி தெரிந்த மனைவியின் இடது கால் அந்தக் கண்ணுக்குப் போதுமானதாக இருந்தது. சுண்டுவிரல் பக்கத்துக் கறுப்பு நேற்றைவிட மேலே ஏறியிருந்தது.

"காலை எடுத்துட்டா பொழைச்சுக்குவாங்கன்னு சொன்னீங்களே," என்றார்.

"அது முந்தாநாள் ஐயா. சர்க்கரை எறங்கட்டும்னு காத்திருந்தாங்க. இப்ப உடம்பு முழுக்கப் பரவிடுச்சு. இனிமே எடுத்தும் பிரயோஜனமில்ல." எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "டாக்டர் வந்து சொல்வார்," என்றாள் நர்ஸ்.

ஆக, இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். நாலு நாளாகத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்த ஒரே ஒரு விஷயம்.

விஷயம் பூட்ஸ்தான். மனைவிக்குச் சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. மூக்கில் இரும்பு வைத்த தோல் பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அவளுக்கோ எட்டு வருஷமாகச் சர்க்கரை; பாதம் மரத்துப்போய்விட்டது. முள் குத்தினாலும் தெரியாது, பூட்ஸ் கடித்தாலும் தெரியாது. கடவுள் புண்ணியத்தில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே அளவுக் கால். அதனால் வாங்குவதும் பழக்குவதும் அவர் பொறுப்பாயிற்று.

சாயங்காலமாகத்தான் கடைக்குப் போவார்கள், காலையைவிட அப்போது கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ள, இவர் போட்டுப் பார்ப்பார். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா, நடந்தால் குதிகால் தூக்குகிறதா, கணுக்காலில் தையல் இடிக்கிறதா என்று நாலைந்து ஜோடியைக் கழித்துக்கட்டுவார். கடைக்காரன், "யாருக்கு சார் பூட்ஸு?" என்று குழம்புவான். "போட்டுக்கறது நான், வலிக்கறது அவருக்கு," என்பாள் அவள்.

அப்புறம் பத்து நாள். இரண்டு சாக்ஸ் போட்டு, முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பார். விரல்கள் மடங்கும் இடத்தில் தோலில் மடிப்பு விழ வேண்டும். அது சரியான இடத்தில் விழுந்துவிட்டால் பூட்ஸ் வழிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இடம் தப்பி விழுந்தால் தொலைந்தது. தோல் ஒருதரம் மடிந்தால் மடிந்ததுதான். எதிர்வீட்டு மெக்கானிக், "பொண்டாட்டிக்குச் செருப்பா உழைக்கறவனைப் பாத்திருக்கேன், பூட்ஸா உழைக்கறவரை இப்பத்தான் பாக்கறேன்," என்று சிரிப்பான். அவரும் சிரிப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இந்தத் தடவை அவர் நடக்கவில்லை. முட்டிவலி. வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம், சொல்ல வெட்கம். அவள் வேலைக்குப் போனதும் பூட்ஸை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தார். பத்து நாளும் பார்த்தார். பூட்ஸ் போட்டது பொய்யில்லை, நடந்ததுதான் பொய். பதினோராம் நாள் துணியால் துடைத்து, மெழுகு தேய்த்து, "பழகிடுச்சு, போட்டுக்கோ," என்று நீட்டினார்.

மூன்று வாரத்தில் புண். மனைவியோ பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுப் பாடினாள். "அவர் நல்லாத்தான் பழக்கிக் குடுத்தாரு. தெனம் ராத்திரி கண்ணாடி வெச்சு பாதத்தைப் பாக்கணும். நான்தான் அலுப்புல ரெண்டு நாள் பாக்காம விட்டுட்டேன்." பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சாகிறாள். அதை இறக்கிவைக்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான், அவர் தலைமாட்டில் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பத்து மணிக்கு வாயைத் திறந்தார். மகள் மருந்துச் சீட்டோடு வந்தாள். பன்னிரண்டு மணிக்குத் திறந்தார். டாக்டர் வந்து, நர்ஸ் சொன்னதையே கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அப்புறம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தன தடவை சொன்னேம்மா, கண்ணாடி பாரு, கண்ணாடி பாருன்னு. ரெண்டு நிமிஷ வேலை," என்றாள். அதட்டல் பாதி, கெஞ்சல் பாதி.

"தப்புதான்டி," என்றாள் அவள்.

இரண்டரை மணிக்கு மகள் யாருக்கோ போன் செய்ய வெளியே போனாள். அறையில் இருவர் மட்டும். அவர் குனிந்தார்.

"இங்க பாரு. இந்தத் தடவை அந்த பூட்ஸை நான்..."

அவள் கண்ணைத் திறந்தாள். "முட்டி எப்படி இருக்கு?"

"என்ன?"

"முட்டி. மாடிப்படி ஏறாதீங்க. லிஃப்ட்ல வாங்க."

நினைவு தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டார். இப்போது சொல்லி என்ன புரியப்போகிறது, கொஞ்சம் தெளியட்டும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவர் செத்தாலும் மறக்கப்போவதில்லை. நாலு மணிக்கு அவள் போய்விட்டாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்தபின், வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண் மட்டும் போகாமல் நின்றாள். கையில் ஒரு பை.

"அக்காவோட அலமாரியில இருந்துச்சு. காய்ச்சல்னு அன்னிக்கு செருப்போடவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்கல்ல." தொப்பி, சாப்பாட்டு டப்பா, தண்ணீர்ப் புட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். கடைசியில் பூட்ஸ். அதைக் கீழே வைத்ததும் அவள் உடைந்து அழுதாள்.

"அண்ணா, நான்தான் அக்காவைக் கொன்னுட்டேன்."

மகள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "என்னக்கா பேசறீங்க?"

"இது பழகாத பூட்ஸு. கொண்டுவந்த அன்னிக்கே அக்கா கையில எடுத்துப் பாத்துட்டுச் சிரிச்சாங்க. மடிப்பே இல்ல, 'மனுஷன் உக்காந்துக்கிட்டே நடந்திருக்காரு'ன்னாங்க. பழசோட அடி பிளந்துபோச்சு, வேற இல்ல. அதான் தெனம் சாப்பாட்டு நேரத்துல நான் போட்டுக்கிட்டு கிடங்கு யார்டுல நடந்தேன். 'வீட்ல சொல்லிடாத, அவருக்கு முட்டி வலி, கேட்டா வருத்தப்படுவாரு'ன்னாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்கு ஒரு நம்பர் சின்ன காலு. அது அப்ப தோணல."

வெளியே ஒருவன் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அவர் இடது பூட்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்பு இருந்தது, இடம் தப்பி. அரை விரற்கடை தள்ளி விழுந்திருந்தது. மனைவியின் கால் போட்ட மடிப்பு தனியாக அதன் பக்கத்தில். கையை உள்ளே விட்டுத் தடவினார். இரண்டும் சேரும் இடத்தில், சுண்டுவிரல் உட்காரும் பக்கம், தோல் உள்ளே புடைத்து வரம்பு கட்டியிருந்தது. மரத்துப்போகாத காலாக இருந்தால் பத்தடியில் கத்தியிருக்கும்.

"உன் மேல தப்பில்லம்மா," என்றார். குரல் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "பத்து நாளும் நான் நடக்கவே இல்ல. நடந்தேன்னு பொய் சொன்னேன்."

கேட்க வேண்டியவள் நேற்று நாலு மணிக்கே போய்விட்டாள். அவளுக்கு அது முன்பே தெரிந்தும் இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண் தலையாட்டினாள். அதனால் அவள் அழுகை குறைந்ததாகத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேண்ணா," என்று கிளம்பிப் போனாள்.

மகள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"கண்ணாடி பாக்கலன்னு நேத்து அம்மாவைத் திட்டினேன்," என்றாள். "நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா."

அவள் உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

அவர் சுவரோரம் முட்டியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பூட்ஸ் வடிவம் கெடாமல் இருக்க உள்ளே பேப்பர் திணித்து நிழலில் வைக்க வேண்டும். இத்தனை வருஷமாக அவர்தான் செய்கிறார். பழைய செய்தித்தாளைக் கசக்கி மூக்குவரை தள்ளினார். இன்னொன்றைக் கசக்கித் தள்ளினார். தோல் விறைத்தது, மடிப்பு நிமிரவில்லை. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு தாளைத் திணித்தார். பேப்பர் தீர்ந்துபோனதும் கையை வெறுமனே மடிமேல் வைத்துக்கொண்டார்.

மகள் ஈரக் கையோடு வந்தாள். அவர் பக்கம் பார்க்காமல், பரண்மேல் இருந்த செய்தித்தாள் கட்டை இறக்கி, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.