ஈயத்தகட்டு விலை

சபா அண்ணையின்ர அஜின்கோர்ட் கட்டட ஒப்பந்தக் கந்தோரில நான் ஒரு வருசம்தான் வேலை செய்தனான். எக்ஸ்ரே அறைச் சுவருக்குள்ள வைக்கிற ஈயத்தகட்டை விலையில சேர்க்காமல் விட்டிட்டார் எண்டு சொன்னதுக்கு, எல்லாருக்கும் முன்னால கத்தினார். "கணக்குப் பாக்க வந்தனீரோ, எனக்குப் படிப்பிக்க வந்தனீரோ?" அண்டைக்கே கலைச்சும் விட்டார்.

விலையைக் குறைச்சுப் போட்டு வேலையை எடுக்கிறது, பிறகு விட்டதுக்கெல்லாம் எக்ஸ்ட்ரா கேக்கிறது. அதுதான் அவற்ற வியாபாரம்.

இப்ப நான் ஒரு ஆஸ்பத்திரியின்ர புதுக் கட்டடத்துக்குச் செலவுத் திட்டம் போடுறன். ஆகக் குறைஞ்ச விலையோட வந்து நிண்டவர் சபா அண்ணைதான். ஈயம் அதில இல்லையெண்டு பாத்தவுடனை விளங்கிட்டுது. கூட்டத்தில பணிவாக் கேட்டன், "ஈயத்தகடும் இந்த விலைக்குள்ளையோ அண்ணை?"

இல்லையெண்டு அவர் சொன்னால் வேலை மற்றவனுக்குப் போயிடும். "எல்லாம் உள்ளுக்கைதான் தங்கச்சி" எண்டு சிரிச்சார். அந்தப் பதிலை அப்பிடியே ஒப்பந்தத்தில ஏத்துவிச்சன். வாசிக்காமலே கையெழுத்து வைச்சார்.

நேற்று போன் எடுத்தார். "ஈயத்துக்கு எக்ஸ்ட்ரா தராட்டி நான் துலைஞ்சன் தங்கச்சி. கையெழுத்து வைக்க முன்னம் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நான் கணக்குப் பாக்க வந்தனான் அண்ணை" எண்டன். "உங்களுக்குப் படிப்பிக்க வரேல்லை."