கேட்டில் கையை மோந்து பார்ப்பார்கள்

எங்கள் சங்கத்தின் சட்டதிட்டப் புத்தகத்தை அச்சடித்தவரைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் எழுதாத சட்டம் ஒன்று எல்லோருக்கும் மனப்பாடம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் நிர்வாகத்தின் டீயைத் தொடக் கூடாது.

காரணம் உண்டு. முந்தைய கமிட்டி பெங்களூரில் பெரிய ஓட்டல் ஒன்றில் பேச்சுவார்த்தைக்குப் போய், பிரியாணி தின்றுவிட்டு, அந்தப் பிரியாணியின் விலைக்குக்கூட வராத சம்பள உயர்வோடு ஓசூர் திரும்பியது. பாக்கிங் பிரிவுப் பெண்கள் அவர்களைக் கேட்டிலேயே மறித்து ஒவ்வொருவர் கையாக மோந்து பார்த்தார்கள். அடுத்த சங்கத் தேர்தலில் அந்தக் கமிட்டி காணாமல் போனது. அதிலிருந்து எந்தப் பேச்சுவார்த்தை முடிந்து வந்தாலும் கேட்டில் கை நீட்ட வேண்டும். கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல நீட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

1995-இல் எங்கள் பெர்சனல் மேனேஜர் சேஷகிரி ஏதோ ஒரு நிர்வாகப் பயிற்சிக்குப் போய்விட்டு, மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடியோடு மொழியும் மாறியிருந்தது. "தொழிற்சாலைக்குள்ள உக்காந்து பேசினா மனசு திறக்காது. மழைக்காட்டுல போய்ப் பேசுவோம்" என்றார். குடகு மலையில், மொபெட்கூட ஏறாத உயரத்தில், சூழலைக் கெடுக்காத சொகுசு விடுதி ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறதாம். அங்கே போன் கிடையாது, மின்சாரம் கிடையாது, செய்தித்தாள் கிடையாது. விடுதியின் வழவழப்பான விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'இல்லாததே ஆடம்பரம்.'

அதை நான் தமிழில் படித்துக் காட்டியதும் பேச்சியம்மாள், "அப்படின்னா எங்க லைன் வீடு பூரா அரமனைதான்" என்றாள். பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். பாக்கிங் பிரிவின் பிரதிநிதி. தலைவர் கோவிந்தப்பன் கர்நாடக எல்லையோரத் தளிக்காரர். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் கோபப்பட்டு, தெலுங்கில் சமாதானம் ஆவார். மூன்றாவது ஆள் ஸ்டோர்ஸில் கணக்கெழுதும் நான்.

சேஷகிரி எங்களை மலையேற்றுவது எதற்கு என்று எங்களுக்குத் தெரியாமலில்லை. வேலைநிறுத்த நோட்டீஸின் கெடு திங்கட்கிழமை முதல் ஷிப்ட் தொடங்கும்போது முடிகிறது. சம்பளம், போனஸ், பஸ் எல்லாம் ஏறக்குறைய பேசி முடிந்திருந்தது. இடித்துக்கொண்டு நின்றது ஒரே விஷயம், திம்மப்பன். தகடு அடிக்கிற பவர் பிரஸ்ஸில் அவனுடைய வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அந்த பிரஸ்ஸுக்குப் பாதுகாப்புக் கம்பி கிடையாது. உற்பத்தி குறைகிறது என்று எப்போதோ கழற்றி வைத்துவிட்டார்கள். விசாரணை நடத்திய நிர்வாகம், விரல்கள்தான் கவனக்குறைவாக இருந்தன என்று கண்டுபிடித்து, மீதி விரல்களையும் சேர்த்து வேலையைவிட்டு நீக்கியது. திம்மப்பன் இல்லாமல் கையெழுத்து இல்லை என்று நாங்கள் சொல்லியிருந்தோம். கேட்டின் சத்தம் காதில் விழாத இடத்துக்குக் கொண்டுபோனால் நாங்கள் மசிவோம் என்பது சேஷகிரியின் கணக்கு.

"வர்றோம். ஆனா உங்க சாப்பாடு வேணாம். எங்க சமையல்காரரைக் கூட்டிட்டு வருவோம்" என்றார் கோவிந்தப்பன். சேஷகிரி பெருந்தன்மையோடு தலையசைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி வேனில் பம்ப் ஸ்டவ், கேழ்வரகு மாவு, கொள்ளு, பூண்டு, உப்பு மூட்டையோடு ஏறிய சமையல்காரர் திம்மப்பன்.

சேஷகிரியின் புதுக் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கியது. "இவர் டிஸ்மிஸ் ஆனவர். கம்பெனி எல்லைக்குள்ள வரக் கூடாது."

"குடகு மலை எப்ப சார் கம்பெனி எல்லையாச்சு?" என்று கேட்டுவிட்டு, கோவிந்தப்பன் உப்பு மூட்டையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

விடுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண் சுவர், சாணி மெழுகிய தரை, மூங்கில் கட்டில், ராத்திரிக்கு அரிக்கேன் விளக்கு. குளிக்க வாளித் தண்ணீர், தேய்க்க நுரை வராத வேப்பஞ்சோப்பு. கூரையிலிருந்து மழை சொட்டும் இடத்தில் ஒரு பித்தளைப் பாத்திரம் வைத்து, அதற்கு 'மழையின் இசை' என்று பலகை எழுதியிருந்தார்கள். இதற்கு ஒரு நாளைக்கு வாங்கும் வாடகையைக் கேட்டதும் பேச்சியம்மாள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "கரெண்ட்டு இல்லாத வீடுன்னு எம் மவளைப் பொண்ணு கேட்டு வந்தவுக எந்திரிச்சுப் போனாவ. இந்த மனுசன் சூடத்தை ஏத்திக் காட்டிக் காசு வாங்குதாரே."

"சூடம் இல்லக்கா, அரிக்கேன்" என்றான் திம்மப்பன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்ல. கும்புடுதவன் இருக்கான்லா."

விடுதிக்காரர் காப்பித் தோட்டத்து வாரிசு; காக்கி அரை டிராயரும் நரைத்த குறுந்தாடியுமாக இருந்தார். வந்தவர்களை விருந்தினர் என்று சொல்ல மாட்டார்; 'காட்டின் குழந்தைகள்' என்பார். பம்ப் ஸ்டவ்வைப் பார்த்ததும் முகம் சுளித்தார். மண்ணெண்ணெய் வாசனை பட்டால் ஆர்க்கிட் செடிகள் மனம் வருந்துமாம். கடைசியில் ஜீப் ஷெட்டுக்குள் சமைத்துக்கொள்ள அனுமதித்தார். அவருடைய ஜீப் கக்கிய புகைக்குப் பழகிப்போன ஆர்க்கிட்டுகள் அங்கே இருந்திருக்கலாம்.

சேஷகிரி மட்டும் விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். முளைகட்டின பயறு, காட்டுக் கீரை சூப், சர்க்கரை போடாத புல் கஷாயம். உப்பு உடம்புக்கு ஆகாது என்று விடுதியே அவருக்காக முடிவெடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை அதைப் புகழ்ந்தார். சனிக்கிழமை காலையில் புகழவில்லை. பேச்சுவார்த்தையின் நடுவே அவர் வயிறு போட்ட சத்தத்தை, ஏதோ பறவை என்று நினைத்து விடுதிக்காரர் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்.

அன்று மத்தியானம் மழை வலுத்தபோது சேஷகிரி ஜீப் ஷெட்டுக்கு வந்தார். பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டியிருந்தார். கெண்டைக்காலில் இரண்டு அட்டைகள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அட்டையைக் கொல்லக் கூடாது, அதுவும் காட்டின் குழந்தை என்று விடுதியில் சொல்லிவிட்டார்களாம்.

"கொஞ்சம் உப்பு இருக்குமா?"

திம்மப்பன் மூன்று விரலால் உப்பை அள்ளி வைத்தான். அட்டைகள் விழுந்தன. ஆனால் சேஷகிரி போகவில்லை. கொள்ளுச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. பூண்டைத் தட்டிப் போட்டு, திம்மப்பன் களியைக் கிளறி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தான். சேஷகிரியின் அம்மா ஊர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்குப் பக்கம் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. இவ்வளவு காலமும் அதை அவர் பயிற்சி வகுப்புகளுக்கடியில் புதைத்து வைத்திருந்தார்.

"ஒரு உருண்டை... சும்மா ருசி பாக்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோவிந்தப்பன் தொண்டையைக் கனைத்தார். "சார், எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியுமில்ல. கையெழுத்துக்கு முன்னால எதிராளி சோத்தத் தின்னா, தின்னவன் எறங்கி வந்துட்டான்னு அர்த்தம்."

"அது உங்க ரூல். என் ரூல் இல்ல" என்றார் சேஷகிரி. இரண்டு உருண்டை விழுங்கினார். மென்று தின்னவில்லை, சாற்றில் புரட்டி நேராகத் தொண்டைக்குள் இறக்கினார். வீட்டில் பழகிய கை அது. மறுபடி ராத்திரியும் வந்தார்.

அவரோடு அந்த வாசனையும் விடுதிக்குள் போயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதிக்காரரே ஷெட்டுக்கு வந்து, ஓர் உருண்டையை முள்கரண்டியால் குத்திப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மண்ணின் ஆத்மா" என்றார். மண்ணின் ஆத்மாவுக்குக் கொஞ்சம் உப்புக் குறைச்சல் என்று திம்மப்பன் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. அன்று பேச்சுவார்த்தைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு சேஷகிரி வந்தார். முகத்தில் தெளிவு.

"பிரச்சினை தீர்ந்தது. திம்மப்பனுக்கு இங்கேயே வேலை. பிரஸ்ஸுல வாங்கினதைவிடச் சம்பளம் அதிகம். தங்க எடம், சாப்பாடு. மெஷின் இல்ல, சத்தம் இல்ல, ஆபத்து இல்ல. எல்லாத்தையும் விடுதி டைப்ரைட்டர்லயே டைப் பண்ணி வெச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டாப் போதும்."

உண்மையைச் சொன்னால் அது நல்ல வேலை. ஊரில் திம்மப்பனின் மனைவி வெங்கடம்மா தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு விரல் இல்லாதவனுக்கு எந்தக் கம்பெனியும் வேலை தரவில்லை.

கோவிந்தப்பன் மெதுவாகச் சொன்னார். "முடிவு உன்னுதுப்பா திம்மா. நீ சரின்னா நாங்க தப்பா நெனைக்க மாட்டோம். கேட்டுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

திம்மப்பன் கையைத் துண்டில் துடைத்தான். "அந்தத் தாள்ல என்னைய எதுக்கு நிறுத்தினதா எழுதியிருக்குங்க?"

சேஷகிரி கண்ணாடியைச் சரிசெய்தார். "அது பழைய விசாரணை. அதைத் தொட வேண்டியதில்ல."

"அப்ப நான் கவனமில்லாதவன். பிரஸ்ஸு நல்ல பிரஸ்ஸு. அப்படித்தானுங்க?"

"இங்க அதைப் பத்தி யார் கேக்கப் போறாங்க?"

"இங்க கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் இங்க வெக்கறீங்க." குரல் உயரவில்லை. "இப்ப அந்த பிரஸ்ஸுல முனிவேல் நிக்கறான். நான் இங்க களி கிண்டினா, அவன் விரலுக்குக் கம்பி யாருங்க கேப்பா? எனக்கு இந்த மழையும் வேணாம், மரமும் வேணாம். நான் எந்தக் கேட்டு வழியாப் போனனோ அதே கேட்டு வழியா உள்ள போகணும்."

விடுதிக்காரர் வருத்தத்தோடு, "காடு உன்னை அழைக்கிறது" என்றார்.

"கூப்புட்டா இல்லைன்னு சொல்லிருங்க" என்றான் திம்மப்பன்.

கோவிந்தப்பன் எழுந்தார். கன்னடத்தில் ஏதோ சொன்னார். மரியாதையான வார்த்தையாக இருக்க முடியாது. நாங்கள் ஸ்டவ்வை அணைத்து, சட்டிபானையைக் கட்டி, மழையில் இறங்கி நடக்க ஆரம்பித்தோம். பின்னால் சேஷகிரி கத்தினார். "எங்க போறீங்க? நாளைக்கு நோட்டீஸ் முடியுது."

"அது எங்களுக்குத் தெரியும் சார்" என்றாள் பேச்சியம்மாள். "கையெழுத்து இல்லாம வந்தா முதல் ஷிப்ட்டு உள்ள போவாதுன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கோம். நீங்க மொதலாளிகிட்ட போன்ல கேட்டுக்கிடுங்க."

போன் இல்லை. இல்லாததே ஆடம்பரம். எங்களைக் கேட்டிலிருந்து பிரிக்க அவர் தேடிப்பிடித்த மலை, அவரை முதலாளியிடமிருந்து பிரித்து வைத்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சேஷகிரி ஒரு முடிவைத் தானே எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் துயரத்தில் அவரைத் தனியே விட்டுவிட்டு நாங்கள் அட்டைகளோடு இறங்கினோம்.

அடிவாரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை; அங்கேயும் போன் கிடையாது. எங்கள் காசில் நாலு டீ சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்து காலிலிருந்து அட்டைகளை உதிர்த்துக்கொண்டிருந்தோம். டீ பாதி இறங்கும் முன்னே கம்பெனி வேன் வந்து நின்றது. சேஷகிரி குடையில்லாமல் இறங்கினார். மழை கண்ணாடியில் வழிந்தது. எங்கள் எதிரே வந்து நின்றார்.

கோவிந்தப்பன் கடைக்காரரிடம் கன்னடத்தில் இன்னொரு டீ சொல்லிவிட்டு, அதற்கும் சேர்த்துக் காசை வைத்தார். "எங்க டீ சார். குடிச்சா என்ன அர்த்தம்னு இப்ப உங்களுக்குத் தெரியும்."

சேஷகிரி டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடித்தார். குடித்து முடித்ததும் வேனிலிருந்து தாளை எடுத்துவந்து, டைப் அடித்த வரிகளை அடித்துவிட்டு, நான் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதினார். விபத்துக்குக் காரணம் பிரஸ்ஸில் கம்பி இல்லாதது. கம்பி திரும்ப மாட்டப்படும். திம்மப்பன் அதே பிரிவில், அதே வேலையில். 'கவனக்குறைவு' என்ற சொல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று திம்மப்பன் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தான். அதன் பிறகுதான் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம்.

திங்கட்கிழமை விடியலில் வேன் ஓசூர் வந்து சேர்ந்தது. முதல் ஷிப்ட் முழுவதும் கேட்டுக்கு வெளியே நின்றது. பாக்கிங் பிரிவு ராசாத்தி முன்னால் வந்து எங்கள் கைகளை மோந்தாள். கொள்ளு. கொள்ளு. கொள்ளு. திம்மப்பனின் மூன்று விரல் கையை மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு கை பாக்கி இருக்குடி" என்றாள் பேச்சியம்மாள்.

சேஷகிரி கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். ராசாத்தி நகரவில்லை, அவள் பின்னால் ஷிப்ட்டே நின்றது. சங்கு ஊதும் நேரம். கை வெளியே வந்தது.

ராசாத்தி மோந்தாள். நுரை வராத வேப்பஞ்சோப்பு பூண்டை ஒன்றும் செய்திருக்கவில்லை.

"கொள்ளு" என்றாள். அங்கே எழுந்த சிரிப்பு உள்ளே கேண்டீன்வரை போயிருக்கும்.

வாட்ச்மேன் ஆள் நுழையும் சின்னக் கதவைத் திறந்தார். திம்மப்பன் அசையவில்லை. "அன்னைக்கு என்னைய வெளிய தூக்கிட்டுப் போனது பெரிய கேட்டு வழியா. அதைத் திறங்கண்ணா" என்றான். வாட்ச்மேன் சேஷகிரியைப் பார்த்தார். சேஷகிரி வானத்தைப் பார்த்தார். கோவிந்தப்பனும் நானும் போய்த் தாழ்ப்பாளை இழுத்தோம்.

உள்ளே போனவன் பிரஸ்ஸுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு, முனிவேலையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கைகட்டி இருந்தான். சூப்பர்வைசர் ஓடிவந்து, ஏன் மெஷின் ஓடவில்லை என்று கேட்டார்.

"கம்பி இல்லைங்க."

"கம்பி வரும்பா. வர்ற வரைக்கும் ஓட்டு."

"இல்லாததுதாங்க ஆடம்பரம். மலையில சொல்லிக்குடுத்தாங்க. நீங்க கைய வெச்சு அனுபவிங்க, நாங்க இங்க உக்காந்து பாக்கறோம்" என்றான் திம்மப்பன்.

சூப்பர்வைசர் பிரஸ்ஸைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு கம்பியை மாட்ட பிட்டரைத் தேடிக்கொண்டு ஓடினார்.